பூவேலைத் தோல்: சாயம் முதலிலா, தையல் முதலிலா?

தோலில் பூவேலை தட்டிப் பழகும் பலர் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். பர்ஸின் வெளித்தோலில் பூவும் கொடியும் நன்றாக எழும்பி வந்துவிட்டன. அடுத்து என்ன? இப்போதே சாயம் போடுவதா, உள்ளறைகளை ஒட்டித் தைத்துவிட்டுப் போடுவதா? ஓரத்தை எப்போது தேய்ப்பது? பதிவின் குழிகளில் தங்கி வடிவத்தை எடுத்துக்காட்டும் அடர்நிறப் பேஸ்ட்டான ஆன்டீக்கைப் பூசுவது தையலுக்கு முன்பா, பின்பா? கத்தி உறை செய்பவரைக் கேட்டால் ஒன்று சொல்வார். பெல்ட் செய்பவரைக் கேட்டால் நேர்மாறாகச் சொல்வார். இருவர் சொல்வதும் அவரவர் பொருளுக்குச் சரிதான். கேட்டவருக்குத்தான் குழப்பம் மிஞ்சுகிறது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது அமெரிக்க மேற்குப் பகுதியின் பூவேலை. வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன் என்ற ஊரில் டான் கிங் போன்ற சேணத் தொழிலாளர்கள் வளர்த்தெடுத்த பாணி அது. வட்ட வட்டமாகச் சுழன்று ஓடும் கொடி, சுழலின் நடுவில் பூ, இடைவெளி முழுக்க நுணுக்கமான பின்னணி முத்திரை. சேணத்துக்காகப் பிறந்த இந்த வேலையை இன்று பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்து, கத்தி உறை என்று சின்னப் பொருள்களில்தான் பெரும்பாலோர் பழகுகிறார்கள். சின்னப் பொருள்களில்தான் வரிசைச் சிக்கலும் அதிகம், ஏனென்றால் அவற்றில் அடுக்குகள் உண்டு, மடிப்பு உண்டு, கைக்கு எட்டாத மூலைகள் உண்டு.

தோல் எதுவென்பதையும் சொல்லிவிடுகிறேன். மரப்பட்டைத் துவர்ப்பில் பதனிட்ட தோல், அதாவது வெஜ் டேன், மட்டும்தான் இதற்கு ஆகும். குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோலில் முத்திரையை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பதிவு நிற்காது. நம் ஊரில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையிலும் பிறகு வாட்டில் பட்டையிலும் பதனிட்டு, கடுக்காயில் முடித்த ஈ.ஐ. தோலும், அதாவது ஈஸ்ட் இந்தியா தோலும், இந்தக் குடும்பம்தான். அது புவிசார் குறியீடு பெற்ற தமிழ்நாட்டுச் சரக்கு. சென்னை பெரியமேட்டுக் கடைகளில் தோல் வாங்குபவர்கள் ஓரத் துண்டில் ஒரு துளித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி உள்ளே இறங்கித் தோல் கருத்தால் வேலைக்கு ஆகும். உருண்டு நின்றால் அது ஏற்கெனவே ஏதோ பூச்சு வாங்கிய தோல், அல்லது குரோம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

தோல்வேலையின் படிகளை இரண்டாகப் பிரிக்கலாம். சில வேலைகளுக்குத் தோலின் துளைகள் திறந்திருக்க வேண்டும்: நனைப்பது, முத்திரை தட்டுவது, சாயம் ஏற்றுவது, எண்ணெய் கொடுப்பது, பசை போடுவது, ஈரத்தில் வடிவம் பிடிப்பது, ஓரம் தேய்ப்பது. சில வேலைகள் துளைகளை அடைத்துவிடும்: அக்ரிலிக் பூச்சு, லாக்கர், மெழுகு. அடைத்த இடத்தில் திறந்த வேலை எதுவும் நடக்காது. நடந்தாலும் அரைகுறையாகத்தான் நடக்கும். வரிசைச் சண்டைகள் பெரும்பாலும் இந்த ஒரே விஷயத்தில்தான் தொடங்குகின்றன.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஒரே துண்டுத் தோலில் மூன்று இடங்கள் இருக்கின்றன: பூவேலை உள்ள முகம், பசை வாங்கும் முதுகு, வெட்டுப்பட்ட ஓரம். மூன்றையும் ஒரே நேரத்தில் அடைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முகத்தை இன்று அடைத்துவிட்டு, முதுகைக் கடைசிவரை திறந்தே வைத்திருக்கலாம். கீழே வரும் மூன்றாவது வழி இதன்மேல்தான் நிற்கிறது.

துளைக் கணக்கு போக, நான் பார்ப்பவை இவை. நூலின் நிறம் பிழைக்குமா? ஓரத்தை உப்புத்தாள் போட்டுச் சமன் செய்யும்போது பச்சைத் தோல், அதாவது சாயம் ஏறாத உள்தோல், வெளியே தெரியுமா? ஒரு தவறு நடந்தால் எத்தனை மணி நேர வேலை கூடவே போகும்? கடைசிக் கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன். பூவேலைதான் நேரம் தின்னும் பகுதி. அதன்மேல் சாயம் திட்டுத்திட்டாக விழுந்தால் போவது சாயத்தின் விலை மட்டும் இல்லை.

## சண்டை இல்லாத படிகள்

எந்த வழியில் போனாலும் முதல் பாதி மாறாது. தோலைத் தேவைக்குக் கொஞ்சம் பெரிதாக வெட்டுங்கள். நனைத்து, நிறம் கிட்டத்தட்ட பழைய வெளுப்புக்குத் திரும்பும்வரை விடுங்கள். தொட்டால் மட்டும் சில்லென்று இருக்க வேண்டும். அப்போது தட்டினால் முத்திரை விழுந்த இடம் தானாகவே பழுப்பேறும். ஈரம் சரியாக இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. முதலில் ஸ்விவெல் கத்தியால், அதாவது விரலிடையில் சுழலும் கத்தியால், கோடு, அப்புறம் பெவெலர் முத்திரையால் கோட்டின் வெளிப்பக்கத்தைத் தாழ்த்துவது, பிறகு இதழ்க் குழிவுகள், பின்னணி, கடைசியாக அலங்கார வெட்டு. கொட்டாப்புளியோ பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியலோ போதும், இரும்புச் சுத்தியல் வேண்டாம்.

பர்ஸுக்கான மெல்லிய தோல், அதாவது 3 முதல் 4 அவுன்ஸ், தட்டத் தட்ட நீளும். ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 0.4 மி.மீ. ஆக இது 1.2 முதல் 1.6 மி.மீ. கனம்தான். முதுகில் பேக்கிங் டேப் ஒட்டிக்கொண்டு தட்டினால் நீட்சி வெகுவாகக் குறையும். அப்படியும் கடைசி அளவுக்கு வெட்டுவதைத் தட்டி முடித்துக் காய்ந்த பிறகே செய்யுங்கள்.

ஈரத் தோலை இரும்பின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை விழும். இரும்புப் பாத்திரம், துருப்பிடித்த குறடு, மேஜையில் கிடக்கும் அரத்தூள் எல்லாமே ஆபத்து. எலுமிச்சைச் சாறு கறையை ஓரளவு எடுக்கும். ஆனால் அதைச் சாயம் போடுவதற்கு முன்பே செய்தாக வேண்டும்.

சரி, தோல் காய்ந்துவிட்டது. இங்கிருந்துதான் பாதை பிரிகிறது.

## முதல் வழி: நிறம் முழுவதும் முடித்து, பிறகு தைப்பது

தட்டிய துண்டு மேஜையில் தட்டையாகக் கிடக்கும்போதே சாயம், எண்ணெய், ரெசிஸ்ட் (ஆன்டீக் தோலுக்குள் இறங்காமல் தடுக்கும் பூச்சு), ஆன்டீக், மேல்பூச்சு எல்லாவற்றையும் முடித்துவிடுவது. அதன் பிறகே பசை, துளை, தையல், ஓரம்.

இதன் பெரிய பலம் கைக்கு எட்டும் வசதி. ஷெரிடன் பூவேலையில் பின்னணிக்கு மட்டும் கருப்போ அடர்பழுப்போ கொடுத்து, பூவை இயற்கை நிறத்தில் விடுவது வழக்கம். இரட்டைப் பூஜ்ய அளவுத் தூரிகையால் கொடிக்கும் இலைக்கும் நடுவே உள்ள சந்துகளில் சாயம் இறக்க வேண்டும். துண்டைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. தைத்து முடித்த பர்ஸில் இதைச் செய்ய முயல்வது வீண் பாடு. வெளித்தோல் ஒரு நிறம், உள்ளறை வேறு நிறம் என்றால் இந்த வழியை விட்டால் கதியில்லை. நூல் வெள்ளையாகவோ பாலாடை நிறத்திலோ வேண்டும் என்றாலும் அப்படித்தான்.

சாந்திநிகேதன் தோல் பைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் மெல்லிய ஆட்டுத்தோலில் அச்சை அழுத்தி, கையால் வண்ணம் தீட்டி முடித்த பிறகுதான் துண்டுகளை இணைக்கிறார்கள். பல வண்ணம் என்று வந்துவிட்டால் எந்த ஊரிலும் இந்த வரிசைதான்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது பசை. ஃபெவிகால் எஸ்.ஆர். போன்ற பசைகள் நாருக்குள் பிடிப்பவை. அக்ரிலிக் பூசிய முகத்தின்மேல் இன்னொரு துண்டை ஒட்டினால் அது பூச்சோடு உரிந்து வரும். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் சுரண்ட வேண்டும், சுரண்டும் கை கொஞ்சம் விலகினால் முடித்த முகத்தில் கீறல். இரண்டாவது, கையாளுதல். தைக்கும்போது தோலைக் கவ்விப் பிடிக்கும் தையல் குதிரையின் தாடை, கிளிப், மோதிரம், நகம் எல்லாம் முடித்த மேற்பரப்பில் தடம் விடும். தாடைக்கு இரண்டு பக்கமும் மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டால் குறையும்.

மூன்றாவது ஓரம். இதுதான் பெரியது. இரண்டு மூன்று அடுக்குகளைத் தைத்த பிறகு ஓரம் ஒருபோதும் சமமாக வராது. உப்புத்தாள் போட்டே ஆக வேண்டும். போட்டால் பச்சைத் தோல் வெளியே வரும். அதற்குச் சாயம் கொடுக்கும்போது தூரிகை ஒரு மயிரிழை தாண்டினாலும் முடித்த முகத்தில் கறை. ஸ்பிரிட் சாயம், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த சாயம், என்றால் துடைத்து எடுக்க முடியாது. முகத்தில் மேல்பூச்சு இருந்தால் அது கொஞ்ச நேரம் காப்பாற்றும், அதையும் முழுதாக நம்ப வேண்டாம்.

## இரண்டாம் வழி: தைத்து முடித்து, பிறகு நிறம்

தட்டிய துண்டை அப்படியே வெளுப்பாக ஒட்டித் தைத்து, ஓரத்தைச் சமன் செய்து, பிறகு முழுப் பொருளுக்கும் ஒரேயடியாகச் சாயம் கொடுப்பது.

கத்தி உறை, துப்பாக்கி உறை செய்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். அதற்குக் காரணமும் உண்டு. உறையைத் தைத்த பிறகு நனைத்து, கத்தியை உள்ளே வைத்து, விரலால் அழுத்தி வடிவம் பிடிக்க வேண்டும். தண்ணீர் உள்ளே போக வேண்டுமானால் தோல் திறந்திருக்க வேண்டும். ரெசிஸ்ட் பூசிய தோலை எவ்வளவு நேரம் நனைத்தாலும் வடிவம் பிடிக்காது. கத்தியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் முன்பு சொன்ன இரும்புக் கறை உள்ளிருந்தே வரும். பூவேலையின்மேல் விரல் அழுத்தம் விழுந்தால் பதிவு தட்டையாகும். ஆகவே வடிவம் பிடிக்கும் கோட்டிலிருந்து விலகியே பூவை வரைந்துகொள்வது நல்லது.

ஒரே அடர்நிறம் போதும் என்றால் இந்த வழி மிகச் சுத்தமானது. கருப்பு உறை, கருப்பு நூல், கருப்பு ஓரம். எல்லாம் ஒரே சாயத்தில் ஒன்றாகிவிடும். ஓரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தேய்க்கலாம். பசை பச்சைத் தோலில் உறுதியாகப் பிடிக்கும்.

ஆனால் பர்ஸுக்கு இது கை கொடுக்காது. மெழுகேற்றிய பாலியெஸ்டர் நூல் சாயத்தை அதிகம் குடிக்காது என்று நம்பி வெள்ளை நூலில் தைப்பவர்கள் உண்டு. இழைகளுக்கு நடுவே சாயம் தங்கி நூல் அழுக்கு நிறமாகிவிடும். லினன் நூல் என்றால் நன்றாகவே குடித்துவிடும். ஆன்டீக் பேஸ்ட்டும் தையல் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்ளும், துணியால் எடுக்க வராது. உள்ளறை மூலைகளில் சாயம் தேங்கி அடர்த்தியாகும், மடிப்பின் உள்ளே எட்டாமல் வெளுத்து நிற்கும். லைனிங் வேறு நிறம் என்றால் ஸ்பிரிட் சாயம் தையல் துளை வழியாகவே அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

இன்னொரு செலவு சாயம் போட்ட அன்றுதான் தெரியும். ஒட்டும்போது பிதுங்கிய பசை காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். சாயம் அந்த இடத்தில் மட்டும் ஏறாது. கருப்பின் நடுவே ஒரு வெளுத்த புள்ளி. அதேபோலத் தைக்கும்வரை தோல் பூச்சில்லாமல் கையிலேயே கிடக்கிறது. வியர்வை, விரல் எண்ணெய், தேங்காயெண்ணெய் தடவிய தலையைத் தொட்ட கை என்று எல்லாம் அதில் படியும். படிந்த இடமும் சாயத்தை வேறு மாதிரிதான் வாங்கும். பிதுங்கிய பசையைக் காய்வதற்கு முன்பே கிரேப் ரப்பர் துண்டால் உருட்டி எடுத்துவிடுவதும், முகத்தை மெல்லிய துணியால் மூடிக்கொண்டு தைப்பதும் இந்த வழியில் கட்டாயம்.

## மூன்றாம் வழி: முகம் முன்னே, ஓரம் பின்னே

முகத்துக்குச் சாயம், எண்ணெய், ரெசிஸ்ட், ஆன்டீக் வரை தட்டையாக இருக்கும்போதே முடிப்பது. கடைசி மேல்பூச்சை மட்டும் போடாமல் நிறுத்திக்கொள்வது. முதுகையும், ஒட்டப்போகும் விளிம்பையும் திறந்தே விடுவது. பிறகு ஒட்டி, தைத்து, ஓரத்தை உப்புத்தாளால் சமன் செய்து, ஓரத்துக்கு மட்டும் சாயம் கொடுத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, கடைசியில் முழுப் பொருளுக்கும் மெல்லிய மேல்பூச்சு.

பூவேலை உள்ள பர்ஸுக்கும், லைனிங் வைத்த பெல்ட்டுக்கும், கைப்பை மூடிக்கும் நான் பரிந்துரைப்பது இதைத்தான். மற்ற இரண்டு வழிகளிலும் நீங்கள் இழப்பது எதுவோ, அதைப் பெரும்பாலும் இதில் காப்பாற்றிவிடலாம். நூல் சுத்தமாக இருக்கும், ஓரம் சரியாக இருக்கும், பசை பிடிக்கும். தைக்கும்போது முகத்தில் விழும் லேசான தடங்களைக் கடைசி மேல்பூச்சு ஓரளவு ஒன்றாக்கிவிடும்.

இதன் நுணுக்கங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பதெல்லாம் இந்த இடைவெளிகளில்தான்.

சாயம் காய்ந்ததும் உலர்ந்த துணியால் நன்றாகத் தேய்த்து, தூளாக நிற்கும் நிறத்தை எடுத்துவிடுங்கள். ஸ்பிரிட் சாயம் சில நிமிடங்களில் காய்ந்த மாதிரி தெரியும், ஆனாலும் ஓர் இரவு விடுவதே பத்திரம். கருப்பும் சிவப்பும் அதிகம் உதிரும். இதை விட்டுவிட்டு ரெசிஸ்ட் பூசினால் அந்தத் தூள் கரைந்து பூவின் வெளுப்பில் பரவும்.

எண்ணெய் அடுத்தது. சாயத்திலுள்ள ஸ்பிரிட் தோலை வறளச் செய்யும். நீட்ஸ்ஃபுட் எண்ணெய், அதாவது மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது, மெல்லிய ஒரு கை கொடுத்தால் மறுபடி இளகும். கொஞ்சம் போதும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்ணெய் அதிகமானால் ரெசிஸ்ட் ஒட்டாது, பசையும் பிடிக்காது, பூவின் கூர்மையான விளிம்புகளும் மழுங்கும். ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

ரெசிஸ்ட் இரண்டு மெல்லிய கைகள். அக்ரிலிக் வகை என்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பூசலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் சாயம் கிளம்பும். ஆகவே ஒரே வீச்சில் போய்விட வேண்டும். வெட்டுக் கோடுகளின் அடியில் வெண்ணுரை தங்கினால் காய்ந்த பிறகும் வெள்ளையாகவே நிற்கும். தூரிகையால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ரெசிஸ்ட் விட்டுப்போன இடத்தில் ஆன்டீக் ஆழமாக இறங்கிக் கறையாகிவிடும், அதற்கு மாற்று கிடையாது. தட்டிப் பார்த்த அதே தோலின் ஓரத் துண்டில் முழு வரிசையையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் நல்ல துண்டில் கை வைக்க வேண்டாம்.

ஆன்டீக்கை உள்ளே அழுத்தித் தேய்த்து, மேலே நிற்பதை உடனே துடைத்துவிடுங்கள். முத்திரைக் குழிகளில் மட்டும் அது தங்க வேண்டும்.

விளிம்புக்கு வருவோம். ஒட்டப்போகும் இடத்தில் முகத்தின்மேல் இன்னொரு துண்டு வருமென்றால், அங்கே 5 மி.மீ. அகலத்துக்கு மாஸ்க்கிங் டேப் ஒட்டிக்கொண்டு ரெசிஸ்ட் பூசுங்கள். சுரண்டும் வேலை மிச்சம். பர்ஸின் வெளித்தோலில் பசை முதுகில்தான் வரும் என்பதால் அங்கே இது தேவைப்படாது, முதுகில் ரெசிஸ்ட் வழியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தைத்த பிறகு ஓரத்தை முதலில் சொரசொரப்பான உப்புத்தாளிலும் பிறகு நைசான தாளிலும் சமன் செய்து, இரண்டு பக்க முனைகளையும் ஓரம் சீவும் பெவெலரால் சீவி, சாயத்தைத் தூரிகைக்குப் பதில் கம்பளித் துண்டில் தொட்டு ஓரத்தின்மேல் ஓட்டுங்கள். தூரிகையைவிடக் கம்பளி கட்டுப்பாட்டில் இருக்கும். பிறகு ஓரத்தைப் பளபளப்பாக்கும் பசையான டோகோனோலேயோ டிராகந்த் பிசினோ தடவி மரக்கட்டையால் சூடேறத் தேய்த்தால் நார்கள் ஒன்றாகிப் பளபளக்கும். தேன்மெழுகு கடைசி. மெழுகு ஏறிய பிறகு அங்கே சாயம் ஏறாது என்பதால் நிறத்தில் திருப்தி வந்த பிறகே மெழுகை எடுங்கள்.

மேல்பூச்சை அழுத்திப் போட்டால் ஆன்டீக் கரைந்து வெளியே வரும். ஈரப் பஞ்சில் கொஞ்சமாகத் தொட்டு ஒற்றுங்கள், முடிந்தால் ஸ்ப்ரே.

இந்த வழியின் செலவு காலம்தான். ஒவ்வொரு படிக்கும் காய வேண்டும். முதல் வழியைவிட ஒன்றிரண்டு நாள் கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை, கடலூர்ப் பக்கம் அதற்கு மேலும் ஆகும். அவசரமாக ஒரு பரிசுக்குச் செய்கிறீர்கள் என்றால் இதை யோசித்துக்கொண்டு தொடங்குங்கள்.

## ஒரே பார்வையில்

| பார்ப்பது | நிறம் முழுதும் முன்னே | தையல் முன்னே | முகம் முன்னே, ஓரம் பின்னே |
|---|---|---|---|
| பல நிறம், பின்னணிச் சாயம் | எளிது | மிகக் கடினம் | எளிது |
| வெள்ளை நூல் | பிழைக்கும் | பிழைக்காது | பிழைக்கும் |
| பசைப் பிடிப்பு | சுரண்ட வேண்டும் | உறுதி | டேப் ஒட்டினால் உறுதி |
| ஓரம் | முகத்தில் கறை விழும் ஆபத்து | மிக நன்று | நன்று, கவனம் தேவை |
| ஈரத்தில் வடிவம் பிடிப்பது | முடியாது | முடியும் | முடியாது |
| தவறினால் இழப்பு | ஒரு துண்டு | முழுப் பொருள் | பெரும்பாலும் ஒரு துண்டு |
| காலம் | நடுத்தரம் | குறைவு | அதிகம் |

தவறினால் என்ன போகும் என்ற வரியை இன்னொருமுறை பாருங்கள். தட்டையான துண்டில் சாயம் கெட்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு இன்னொன்று தட்டலாம். தைத்த பர்ஸில் கெட்டால் உள்ளறைகள், நூல், தையலுக்குப் போன மாலை எல்லாம் சேர்ந்து போகும். புதிதாகப் பழகுபவருக்கு இரண்டாம் வழியை நான் பரிந்துரைக்காததன் முதல் காரணம் இது.

## சாயமேற்றிய தோலை வாங்கித் தட்டலாமா?

நான்காவதாக இதையும் சிலர் கேட்கிறார்கள். டிரம்மில் சாயமேற்றிய வெஜ் டேன் கிடைக்கிறது, அதில் நேரே தட்டிவிட்டால் சாய வேலையே மிச்சமாகுமே என்று. பூச்சில்லாத தோலாக இருந்தால் தட்டலாம், பதிவும் விழும். ஆனால் முத்திரை விழுந்த இடத்தில் தானாக ஏறும் பழுப்பு அடர்நிறத்தில் தெரியவே தெரியாது. பூவேலையின் ஆழம் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பழுப்பால்தான். கூடை முடைச்சல் போன்ற ஒரே முத்திரையைத் திரும்பத் திரும்ப அடிக்கும் வேலைக்கு இது ஏற்றது, ஷெரிடன் பூவுக்கு வேண்டாம்.

## எந்தப் பொருளுக்கு எது

ஒற்றை அடுக்குப் பெல்ட்டுக்கு முதல் வழியே போதும். 8 முதல் 9 அவுன்ஸ் தோல், 3.2 முதல் 3.6 மி.மீ. கனம். ஒட்டும் வேலையே கிடையாது, பக்கிள் மடிப்பில் மட்டும் தையலோ திருகாணியோ வரும். வாரைக் கொஞ்சம் அகலமாக வெட்டித் தட்டுங்கள், காய்ந்ததும் சரியான அகலத்துக்குச் சீவுங்கள், ஓரத்துக்குப் பக்கத்தில் தட்டும்போது விளிம்பு பிதுங்கி அலை அலையாக வருவதால். பக்கிள் முனையைக் கனம் குறைப்பது, நாக்குக்கான நீள்துளை, இடுப்புத் துளைகள் எல்லாம் சாயத்துக்கு முன்பே. சாயத்துக்குப் பின் துளை போட்டால் ஒவ்வொரு துளையிலும் பச்சைத் தோல் பல்லிளிக்கும். நீளத்தையும் தட்டிய பிறகே அளந்து முடிவு செய்யுங்கள்.

லைனிங் வைத்த பெல்ட்டுக்கு மூன்றாம் வழி. இங்கே துளைகளை லைனிங் ஒட்டித் தைத்த பிறகே போட முடியும், ஆகவே துளைகளுக்குள் சாயத்தைக் காதுப் பஞ்சுக் குச்சியால் தனியே தொட வேண்டும்.

இரு மடிப்புப் பர்ஸுக்கும் மூன்றாம் வழிதான். வெளித்தோல் உள்தோலைவிடச் சில மி.மீ. நீளமாக இருந்தால்தான் மடியும்போது உள்ளே சுருங்காது. மடிப்பில் விழும் பூவேலையில் ரெசிஸ்ட்டைத் தடிமனாகப் பூசினால் மடிக்கும்போது வெடிக்கும். அந்த இடத்தில் மட்டும் பூச்சு மெல்லியதாக இருக்கட்டும். ஒட்டும்போது பாதி மடித்த நிலையிலேயே ஒட்டுங்கள்.

கத்தி உறை, அரிவாள் உறை, கத்தரிக்கோல் உறை: இரண்டாம் வழி, மறுபேச்சில்லை. நூலின் நிறத்தைச் சாயத்தின் நிறத்துக்கே பொருத்திக்கொள்ளுங்கள். உறையில் பின்னணிக்கு மட்டும் நிறம் வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஒரு நடுவழி உண்டு. தட்டையாக இருக்கும்போதே பின்னணிக்குச் சாயம் மட்டும் கொடுங்கள், ரெசிஸ்ட் வேண்டாம். சாயம் தனியாகத் துளைகளை அடைக்காது, பிறகு நனைத்து வடிவம் பிடிக்க முடியும். நனைக்கும்போது கொஞ்சம் நிறம் கசியும் என்பதால் அடர்கருப்பைத் தவிர்த்துப் பழுப்பில் நில்லுங்கள்.

சாவிக்கொத்து, கோஸ்டர் மாதிரி ஒரே துண்டுப் பொருள்களுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. தட்டி, ஓரம் தேய்த்து, நிறம் கொடுத்து முடித்துவிடலாம்.

## ஏற்கெனவே வெளுப்பாகத் தைத்துவிட்டவர்களுக்கு

வெள்ளை நூலில் பர்ஸைத் தைத்து முடித்துவிட்டு, இனி எப்படிச் சாயம் போடுவது என்று கேட்பவர்களும் உண்டு. நுனித் தூரிகையால் ஒவ்வொரு தையலின்மேலும் ரெசிஸ்ட் வைத்துவிட்டுச் சாயம் போடலாம். அது பொறுமையைச் சோதிக்கும் வேலை, முழுப் பலனும் வராது.

அதைவிட நல்லது சாயத்தையே விட்டுவிடுவது. வெஜ் டேன் தோலுக்கு வெயில் பட்டால் நிறம் ஏறும், மெல்லிய எண்ணெயோடு வெயில் பட்டால் இன்னும் அழகாக ஏறும். நூலில் படாமல் முகத்துக்கு மட்டும் பஞ்சால் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் ஒரு கை கொடுத்து, பர்ஸை விரித்து மொட்டைமாடியில் காலை வெயிலில் வையுங்கள். அடிக்கடி திருப்பி வைத்தால் நிறம் சீராக ஏறும். நல்ல தேன் பழுப்பு வந்துவிடும். உச்சிவெயிலில் நீண்ட நேரம் விட வேண்டாம், பசை இளகும், தோலும் வறளும். வேண்டிய நிறம் வந்ததும் உள்ளே எடுத்து ஒரு நாள் ஆறவிட்டு, முகத்துக்கு ரெசிஸ்ட் இரண்டு கை பூசுங்கள். ஆன்டீக் ஆசை இருந்தால் தையல் வரிசைக்கு ஒரு விரல் உள்ளே மாஸ்க்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, பூ இருக்கும் பகுதிக்கு மட்டும் கொடுத்துத் துடைத்துவிட்டு மேல்பூச்சை ஒற்றி எடுங்கள்.